கழுவிய பானை

ஜூன் 9, திங்கள்

கல்லூரி திறந்த முதல் நாள். சோற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மதுவான சுண்டக்கஞ்சி பற்றிய ஆய்வுக்கு அனுமதிக் கடிதம் ஒருவழியாக வந்துவிட்டது. ஒரு முறைக்கு ஐந்து லிட்டருக்கு மேல் கூடாது, ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும், முடிந்ததும் கொட்டி அழித்துக் கையெழுத்திட வேண்டும். சோறும் தண்ணீரும் புளிக்க நான்கு முத்திரைகள்! நுண்ணுயிரியல் கற்பிக்கும் இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் எனக்குப் பிடித்த ஒன்றைச் செய்ய இப்போதுதான் விட்டிருக்கிறார்கள்.

கணவர் திருநாவுக்கு வயிறு உப்புசம். பிப்ரவரியில் ஆணி குத்தி எலும்பு வரை சீழ் பிடித்த கால் நன்றாக ஆறிவிட்டது. ஏழு வாரம் ஏற்றிய ஆன்டிபயாடிக்தான் வயிற்றைக் கெடுத்திருக்கும். இன்றிலிருந்து காலையில் பழைய சோறும் மோரும். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்வதை வீட்டிலும் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

ஜூன் 12, வியாழன்

தேசம்மா ஷேர் ஆட்டோவில் மடியில் மண்பானையோடு வந்து இறங்கினார். காசிமேட்டுக்காரர், அறுபதைத் தாண்டியவர், சுண்டக்கஞ்சி போடுவதில் கைதேர்ந்தவர். அனுமதிக் கடிதத்தின் நகலை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருக்கிறார்.

"போலீசு நிறுத்துனா இத்த நீட்டுவேன். இங்கிலீசுல கீது. அவன் எழுத்துக் கூட்டறதுக்குள்ள நான் அடுத்த தெருவுல இருப்பேன்."

புழுங்கலரிசியை நான் வடித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னா டீச்சரம்மா, கல்யாணப் பந்திக்கா வடிக்கிற? கொயந்தைக்கு ஊட்டற மாரி கொழையணும்." சோற்றைப் பாயில் பரப்பி, புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். போன முறை பானையின் அடியில் தங்கிய வண்டலை ஒரு டம்ளர் கொண்டுவந்திருந்தார். அதை ஊற்றிப் பிசைய வேண்டும். ஆனால் சூடு சரியாக இருக்க வேண்டும்.

"மேல இருந்தா செத்துப்பூடும். கீழ போனா தூங்கிப்பூடும்."

"எது செத்துப்போகும்?"

"அதுக்குப் பேரு வெக்கறது உன் வேல. உசுரோட வெச்சிக்கறது என் வேல."

அவர் தலையசைத்த நொடியில் வெப்பமானியை வைத்தேன். முப்பத்தேழு டிகிரி. பானையின் வாயைத் துணியால் கட்டி, வைக்கோலில் புதைத்தோம். மூன்றாம் நாள் காதை வைத்துக் கேட்க வேண்டுமாம். மழை தூறுவது போல் சத்தம் வந்தால் சரி. ஐந்தாம் நாள் பிழிந்து வடிகட்டினால் கஞ்சி தயார்.

ஜூன் 17, செவ்வாய்

கஞ்சி நன்றாக வந்தது. ஆல்கஹால் அளவு ஐந்து சதவீதம். அளவைக் குறித்துக்கொண்டு கஞ்சியைக் கொட்டி அழித்தேன். பானையில் கொதிநீர் ஊற்றி, சோப்புப் பொடி போட்டு நானே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திருநாவு கணக்கு நடத்தும் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை அழைத்தார். "மேடம், நீங்களே நேர்ல வந்தா நல்லது."

திருநாவு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார். மதிய உணவுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கைப் போட ஆரம்பித்து, நாக்கு குழறி, கரும்பலகையைப் பிடித்தபடி நின்றுவிட்டாராம். அருகில் போகும்போதே வாடை அடித்தது.

"கயலு, நான் தொடவே இல்ல."

ஒன்பது வருடங்களுக்கு முன்பும் இதே வாக்கியம், இதே குரல். அப்போது சட்டைப்பையில் குவார்ட்டர் இருந்தது. நிறுத்தியபின் இத்தனை வருடம் ஒரு சொட்டு இல்லை என்று நம்பியிருந்தேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பானை கழுவப்பட்டிருப்பதைப் பார்த்ததும் தேசம்மா இடுப்பில் கை வைத்துவிட்டார்.

"யாரு தேச்சது இத்த?"

"நான்தான். சுத்தமா இருக்கட்டும்னு."

"சுத்தமா இருக்குது. மொட்ட அடிச்ச தலமாரி இருக்குது. என் பானைய நான் தண்ணி காட்டிக் கவுப்பேன், அவ்ளோதான். அதுல இருக்கறவங்கோ அதுலியே இருக்கணும். நீ எல்லாரையும் தொரத்திட்ட. காலி வூட்டுல இனி எவன் மொதல்ல வந்து குந்தறானோ அவன்தான் ராஜா. நல்லவன் வந்தா உன் அதிர்ஷ்டம்."

பாடநூலில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. தேசம்மா சொன்னதைத் திட்டக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். புதுச் சோறு போட்டோம். அவருக்கு நம்பிக்கை இல்லை.

ஜூன் 21, சனி

வீடு முழுவதும் தேடினேன். பரண், தண்ணீர்த்தொட்டி, ஸ்கூட்டர் பெட்டி, அவருடைய ஜியோமெட்ரிப் பெட்டி. ஒன்றும் இல்லை. ஒன்றும் கிடைக்காதது எதையும் நிரூபிக்காது.

வீட்டில் இருக்கும் ஆய்வக ஸ்பிரிட் குப்பிகளிலும் நான்கு நாளாக அளவுக்கோடு போட்டு வைத்திருந்தேன். குறையவில்லை. ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 23, திங்கள்

கழுவிய பானையில் சோறு ஊசிப்போய்விட்டது. மேலே இளஞ்சிவப்பாக ஏதோ படர்ந்திருக்கிறது. தேசம்மா பார்த்துவிட்டு, "வந்துட்டான் ராஜா" என்றார்.

ஜூன் 26, வியாழன்

ஊதிப் பார்க்கும் கருவி வாங்கினேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஊதச் சொன்னேன். போலீஸ் பிடித்தால் வண்டியைப் பறிமுதல் செய்யும் அளவைப்போல் மூன்று மடங்கு.

"கருவி பொய் சொல்லாது" என்றேன்.

"நானும் சொல்லல" என்றார். சிரிக்க முயன்றார், உதடு ஒரு பக்கமாக இழுத்தது.

இன்றிலிருந்து மீன், முட்டை எல்லாம் நிறுத்தம். குடித்துவிட்டு வருகிறவருக்கு வறுவல் எதற்கு? சோறு, ரசம், மோர். போதும். பள்ளியிலும் விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே மூன்று வேளையும் வீட்டில்தான்.

ஜூலை 2, புதன்

நிலைமை மோசமாகிறது. வாசல் கதவைப் பூட்டிச் சாவியைக் கல்லூரிக்கே எடுத்துப்போகிறேன். மாலையில் வந்தால் குளியலறை வாசலில் விழுந்து கிடக்கிறார், நெற்றியில் இரத்தம். எங்கிருந்து கிடைக்கிறது? ஜன்னல் வழியாக யார் கொடுக்கிறார்கள்? எதிர்வீட்டு வாட்ச்மேனை விசாரித்தேன். "சார் ஜன்னலாண்ட வந்தே நான் பாக்கலம்மா" என்றார். அவரும் உடந்தையோ என்று தோன்றியது.

ஜூலை 6, ஞாயிறு

நாத்தனார் செங்கமலம் திண்டிவனத்திலிருந்து வந்தார். தம்பியைப் பார்த்ததும் என்னைத்தான் முறைத்தார்.

"என்னம்மா இது, ஆளு பாதியாயிட்டான்? நான் பத்து நாள் கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிப்போகட்டும். செங்கமலம் இரண்டு வருடமாகப் பேலியோ உணவுமுறை. அரிசியைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்குவார். வெண்ணெயை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவார். யூடியூப் பார்த்து உடலியல் கற்றவர்.

ஜூலை 11, வெள்ளி

செங்கமலம் தொலைபேசியில்: "ஆட்டுக்கால் சூப்பு, நாலு முட்டை, கீரை. எந்தம்பி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கான். உங்க வீட்டுல என்னதான் போடறீங்க?" கடை பக்கத்தில் இல்லாவிட்டால் யாரும் தெளிவாகத்தான் இருப்பார்கள் என்று சொல்ல நினைத்தேன்.

ஜூலை 16, புதன்

திரும்பி வந்தார். ஊதச் சொன்னேன். பூஜ்யம். கண் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பழைய கதை ஒன்று சொன்னார். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

முடியும் என்று காட்டிவிட்டார். அக்காவுக்குப் பயந்தால் முடிகிறது, எனக்காக முடியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

காலையில் நானே சமைத்தேன். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், சேமியா பாயசம். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் விடுப்பு, அவர் என் கண்ணைவிட்டு நகரவில்லை. இடையில் பதினைந்து நிமிடம் மாடியில் துணி காயப்போட்டேன்.

பிற்பகல் இரண்டரைக்கு நாக்கு குழற ஆரம்பித்தது.

பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக அவர் காத்திருந்திருக்கிறார். பாயசக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். நாற்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு பொருளை எறிந்தேன்.

ஜூலை 19, சனி

காலையில் அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சரி கயலு. குடிக்கிறேன். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு கடை. குவார்ட்டர் வாங்கித் தண்ணி பாட்டில்ல ஊத்திக்குவேன். வீட்டுல மோட்டார் ரூம்ல ஒளிச்சு வச்சிருந்தேன். நேத்து நீ மாடிக்குப் போனப்ப எடுத்தேன். மன்னிச்சுக்கோ."

எந்தக் கடை, எந்த வகை, எந்த நாட்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், வகுப்பில் விடை சொல்வதுபோல். எனக்குள் ஒரு பெரிய அமைதி. ஒரு மாதத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே உண்மையில் நின்றோம். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மோட்டார் அறையில் பாட்டில் எதுவும் இல்லை. தூக்கிப் போட்டிருப்பார்.

ஜூலை 21, திங்கள்

பள்ளி நிர்வாகம் குடும்பத்திடமிருந்து எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தது. எழுதினேன்: "என் கணவர் மது அருந்துவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கிறேன்." சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால் வேலை போகாது என்றார்கள். திருவள்ளூர் தாண்டி ஓர் இல்லம். மூன்று மாதம். நாளை.

அவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நேரில்" என்ற சொல்லில் அவர் கண் ஒரு நொடி நின்றது.

ஜூலை 22, செவ்வாய்

சேர்த்தாயிற்று. உள்ளே விடும்முன் பையைக் கொட்டி, துணியை எல்லாம் களையச் சொல்லிச் சோதித்தார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஜூலை 25, வெள்ளி

இல்லத்தின் மேற்பார்வையாளர் அற்புதராஜ் காலை பதினொரு மணிக்கு அழைத்தார்.

"மேடம், நீங்க கொண்டு வந்த சாமான்ல ஏதாவது மறைச்சுக் குடுத்தீங்களா?"

"புரியலையே."

"உங்க சார் உள்ள ஃபுல் போதைல இருக்காரு. நாலு நாளா மூணு பூட்டுக்குள்ள இருக்காரு. இங்க ஹேர் ஆயில்கூட நாங்க எண்ணித்தான் குடுப்போம்."

வகுப்பை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அதே நாள், மாலை

அவரை ஜன்னல் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் சிவப்பாகக் கோடு. யாரிடமிருந்து வாங்கினாய் என்று கேட்டு ஓர் அறையும் விட்டிருக்கிறார்கள், கன்னம் சொன்னது. என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அற்புதராஜ் முரடர் இல்லை, அதுதான் விசித்திரம். உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். "நான் பதினாலு வருஷமா இதுல இருக்கேன் மேடம். எனக்கே தண்ணி காட்டிட்டாரு. எப்பிடின்னே தெரியல. காலைல பொங்கல், மதியம் சாப்பாடு, ராத்திரி கஞ்சி. வயிறாரப் போடறோம். சோத்தைத் தவிர இந்தக் கதவுக்குள்ள நாங்க எதையும் விடல."

சோற்றைத் தவிர.

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் மேலும் ஏதோ பேசினார், காதில் விழவில்லை. சோறு. முப்பத்தேழு டிகிரி. ஏழு வாரம் மருந்து ஊற்றிக் கழுவிய குடல். திண்டிவனத்தில் பத்து நாள் சோறே இல்லை.

அபத்தம் என்று உடனே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேசம்மாவின் பேச்சை எடுத்து மனிதனுக்குப் பொருத்துகிறேன். ஆதாரமில்லாமல் எதையும் சொல்லக் கூடாது. இங்கேயே வாயைத் திறந்தால் இவரும் சிரிப்பார்.

கட்டை அவிழ்க்கச் சொன்னேன். "தெளிஞ்சதும் அவுத்துடுவோம் மேடம்" என்றார்கள். மூன்று மணி பேருந்தைப் பிடித்து வந்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டு நாளாகக் கட்டுரைகளைப் படிக்கிறேன். இருக்கிறது. அரிதுதான், ஆனால் இருக்கிறது. ஜப்பானில் எழுபதுகளிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவைத் துடைத்தபின் குடலில் ஈஸ்ட் குடியேறுகிறது. உண்ட மாவுச்சத்து முதலில் சர்க்கரையாகி, பிறகு அங்கேயே சாராயமாகிறது. பானையில் மாவைச் சர்க்கரையாக்கப் பூஞ்சை வேண்டும். மனிதனுக்கு அதுகூட வேண்டாம். எச்சிலும் கணையமும் அந்த வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

இதை நான் பாடமாக நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடமாக. என் மேசைக்கு எதிரே இரண்டாவது பானை ஒன்று உட்கார்ந்து "நான் தொடவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதில் வேளாவேளைக்குச் சோறு போட்டேன்.

இன்னும் நிரூபணம் இல்லை. தோழி ஷகிலா தனியார் மருத்துவமனை ஒன்றில் மருத்துவர், அவளிடம் பேசினேன். செவ்வாய்க்கிழமைதான் அறை கிடைக்கும் என்றாள். அதுவரை அவர் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். சோறு தர வேண்டாம் என்று மட்டும் அற்புதராஜிடம் சொன்னேன். "பட்டினி போட்டா மனித உரிமை கேஸ் ஆயிடும் மேடம்" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

அழைத்து வந்தேன். ஒரு பரிசோதனை, இரண்டு நாள் என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றார். என்ன பரிசோதனை என்று கேட்கவில்லை. நேராக மருத்துவமனை.

ஜூலை 30, புதன்

நேரம் போட்டு எழுதுகிறேன்.

காலை 7. அறையைச் சோதித்தேன். மெத்தைக்கு அடியில், கழிப்பறைத் தொட்டியில், சோப்பு டப்பாவில். செவிலி ஒருத்தி அறையை விட்டு நகரக் கூடாது என்று ஏற்பாடு. திருநாவு கட்டிலில் உட்கார்ந்து நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷகிலா, "போதும்டி" என்றாள்.

8 மணி. வெறும் வயிறு. இரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யம்.

8.20. இட்லி ஆறு, சர்க்கரைத் தண்ணீர் ஒரு டம்ளர்.

10 மணி. நூறு மில்லி இரத்தத்தில் முப்பத்தைந்து மில்லிகிராம். ஷகிலா எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னாள். முப்பத்தாறு.

12 மணி. மதியச் சாப்பாட்டில் பாதி கொடுத்தோம். எண்பத்தெட்டு. செவிலி என்னைப் பார்த்தாள். "மேடம், சாமி சத்தியமா நான் எங்கயும் போகல" என்றாள். அழுதுவிடுவாள்போல் இருந்தது. அவளும் அதே வாக்கியத்துக்கு வந்துவிட்டாள்.

2 மணி. நூற்று நாற்பது. கண் சிவந்து, நாக்கு குழறி, வாடையடித்து, என் கணவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் என் கண்ணெதிரில் போதையில் இருந்தார்.

ஷகிலா சத்தமாகச் சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கடி. நான் படிச்சதோட சரி. பாத்ததே இல்ல." ஈஸ்ட்டை ஒழிக்க மாத்திரை, அரிசி சர்க்கரை நிறுத்தம், ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றாள்.



ஜூலை 31, வியாழன்

பள்ளிக்குப் புதுக் கடிதமும் மருத்துவ அறிக்கையும் அனுப்பினேன். "என் கணவர் மது அருந்துவதை நான் ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. முந்தைய கடிதத்தில் எழுதியது பொய்." கையெழுத்துக்குக் கீழே பட்டங்களைப் போடாமல் விட்டேன்.

காலையில் அவர் தெளிவாக இருந்தார். முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அறிக்கையை அவரிடம் நீட்டினேன். கணக்கு வாத்தியார், எண்களை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார்.

"அப்ப நான் குடிக்கல" என்றார். எனக்குச் சொல்வதுபோல் இல்லை. அவருக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

எனக்கு ஒன்று புரியவில்லை. கேட்டேன். "அப்போ அந்தக் கடை? ரயில்வே கேட்டு, மோட்டார் ரூம்?"

"அந்தக் கேட்டைத் தாண்டி என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது கயலு."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"நீ கிண்ணத்தை எறிஞ்ச. நான் நிஜத்தைச் சொல்லச் சொல்ல நீ தள்ளித் தள்ளிப் போன. நானும் யோசிச்சுப் பாத்தேன். கருவி காட்டுது, வாடை அடிக்குது, நீ இவ்ளோ படிச்சவ. ஒருவேளை எனக்கே தெரியாம எந்திரிச்சுப் போய்க் குடிக்கிறேனோ என்னவோ. சரி, கடைன்னு ஒண்ணு சொல்லிடலாம்னு சொன்னேன். நீ கையைப் பிடிச்சுக்கிட்ட."

முட்டை ஓட்டை ஒரு காகிதத்தில் சேகரித்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அது அந்த அறைக்குப் போதாததாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், நிஜமாச் சொல்லு. நேத்து ரத்தத்துல ஒண்ணும் வரலைன்னு வச்சுக்கோ. என்ன பண்ணியிருப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்த ஒன்றரை மாதத்தில் அவருக்காக நான் செய்யக்கூடிய ஒரே நேர்மையான காரியம் இதுதான் என்று தோன்றியது.

"திரும்பக் கொண்டுபோய் விட்டிருப்பேன்."

"தெரியும்" என்றார். கோபமே இல்லை. "அதான் நீ கூப்பிட வந்தப்ப பையை எடுத்துக்காம வந்துட்டேன். திரும்பிப் போனா மறுபடி எல்லாத்தையும் அவுத்துக் கொட்டிச் செக் பண்ணுவாங்க. எதுக்குன்னு, அங்கியே வச்சிட்டேன்."